பகிர்ந்த கவிதையில் கை வைப்பது எப்படி: சிறு திருத்தங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கவிதையை எழுதி, நாலு பேருக்கு அனுப்பி, பாராட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஒரு சொல் கண்ணில் உறுத்தும். அதுவரை நோட்டில் பத்துத் தடவை படித்தபோது தெரியாத பிழை, பிறர் கண்ணில் பட்டுவிட்டது என்றதும் பளிச்சென்று தெரியும். கவிதை எழுதும் எல்லோருக்கும் இது நடக்கிறது. திருத்தலாமா, வேண்டாமா, திருத்தினால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிடுகிறார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் பல வருடமாகக் கவிதை படித்தும் கேட்டும் வந்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு என் கவிதையையே வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த சில நாளில் இதை எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன்:

தண்ணீர் வடிந்த மறுநாள்
சுவற்றில் ஒரு கோடு.
எல்லாவற்றையும் கழுவிய அம்மா
அதை மட்டும் துடைக்கவில்லை.
அந்தக் கோட்டுக்குக் கீழேதான்
இத்தனை நாள்
நாங்கள் வாழ்ந்திருக்கிறோம்.

முதல் வேலை: பழைய வடிவத்தை எடுத்து வைப்பது

திருத்துவதற்கு முன்னால், பகிர்ந்த வடிவத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் தனியாகப் பிரதி எடுத்து, மேலே தேதி போட்டு வையுங்கள். போனில் வைத்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. நான் நோட்டில் இடது பக்கம் கவிதையை எழுதி, வலது பக்கத்தை வெறுமையாக விடுகிறேன். பின்னால் வரும் திருத்தங்கள் அந்த வலது பக்கத்தில் தேதியோடு ஏறும். திருத்தம் சொதப்பினால் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். பழைய வடிவத்தை நினைவிலிருந்து மீட்டுவிடலாம் என்று நம்பாதீர்கள். திருத்திய வடிவத்தை நாலு முறை படித்தால் பழையது மனசைவிட்டுப் போய்விடும்.

இது சிறு திருத்தம்தானா?

அடுத்து, செய்யப்போகும் மாற்றம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை, தகவல் பிழை மூன்றும் ஒரு வகை. இவற்றைக் கண்டவுடனே திருத்திவிடலாம், காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல், வரி முறியும் இடம், ஒரு வரியை எடுப்பது போன்றவை இன்னொரு வகை. இவற்றுக்கு ஒரு வாரமாவது பொறுங்கள். பகிர்ந்த அன்று இரவு வரும் பதற்றத்தில் செய்த சொல் மாற்றம் எதுவும் எனக்கு நிலைத்ததில்லை.

மூன்றாவது வகை, கவிதையின் பொருளையே நகர்த்துவது. என் கவிதையின் முடிவில் ‘ஆறு வந்து சொல்லும்வரை தெரியவில்லை’ என்று ஒரு வரி சேர்க்க ஆசைப்பட்டேன். ஒரு வரிதானே, சிறு திருத்தம்தானே என்று தோன்றியது. ஆனால் அந்த வரி வந்தால் அம்மா பின்னுக்குப் போய்விடுகிறாள், ஆறு முன்னால் வந்து விளக்கம் சொல்லத் தொடங்குகிறது. வரிக்கணக்கில் சிறியது, கவிதைக்குப் பெரியது. இப்படிப்பட்ட ஆசை வந்தால் அதைப் புதுக் கவிதையாக எழுதிவிடுங்கள். பழையது பழையபடி இருக்கட்டும்.

வகை பிரிக்கத் தடுமாறினால் எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று: முதலில் கேட்ட ஒருவரிடம் புது வடிவத்தைப் படித்துக் காட்டுங்கள். எது மாறியது என்று சொல்லாதீர்கள். “நல்லாருக்கு, முன்னாடி படிச்சதுதானே” என்றால் அது சிறு திருத்தம். “இது வேற கவிதைல்லா” என்றால் அது வேறு கவிதைதான்.

பிழைகளை நீக்குவது

என் கவிதையில் இருந்தது எல்லோரும் செய்யும் பிழை. ‘சுவர்’ ‘ர்’ என்று முடிகிறது. அதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘சுவரில்’. கிணறு ‘கிணற்றில்’ ஆவதும் சோறு ‘சோற்றில்’ ஆவதும் அவை ‘று’ என்று முடிவதால். அந்த வழக்கத்தில் சுவரையும் சேர்த்து ‘சுவற்றில்’ என்று எழுதிவிடுகிறோம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘செவத்துல’ என்பார்கள். அதைத் திருத்தமாக எழுதுவதாக நினைத்துக்கொண்டுதான் ‘சுவற்றில்’ வருகிறது என்று நினைக்கிறேன். கவிதை முழுவதும் பேச்சுத் தமிழில் இருந்தால் ‘செவத்துல’ என்று துணிந்து எழுதலாம், அது அந்த மொழிக்குச் சரி. எழுத்துத் தமிழில் இருந்தால் ‘சுவரில்’. இடையில் நிற்கும் ‘சுவற்றில்’ இரண்டுக்கும் சேராது.

இதைப்போல அடிக்கடி கண்ணில் படுகிறவை: ‘பறவைகள் பறந்தது’ என்பது ‘பறந்தன’ ஆக வேண்டும். ‘முயற்சித்தேன்’ என்பதைவிட ‘முயன்றேன்’ நல்லது. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, மற்ற இடத்தில் ‘ஒரு’ என்பது விதி. ஆனால் பேச்சின் ஓட்டத்தில் போகும் புதுக்கவிதையில் ‘ஒரு இரவு’ என்று இருந்தால் நான் அதை மாற்ற மாட்டேன். போனில் தட்டும்போது ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து அடித்துவிடுவதும் உண்டு. ‘கௌ’ என்பதை ‘கெ’, ‘ள’ என்று அடிப்பதும் அதே கதை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அச்சுக்குக் கொடுக்கும்முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு சொல் நகர்ந்தால் பக்கத்துச் சொல்லும் நகரும்

சிறு திருத்தம் செய்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று கை கோத்து நிற்கின்றன. என் கவிதையில் ‘கோட்டுக்கு’ என்பதை ‘வரைக்கு’ என்று மாற்றிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் மாற்றினால் ‘அந்தக் வரைக்குக் கீழேதான்’ என்று முன்சொல்லின் ‘க்’ அநாதையாகத் தொங்கும். ‘அந்த’வுக்குப் பின் க, ச, த, ப வந்தால்தான் ஒற்று. ‘வ’ வந்தால் கிடையாது. இதேபோல ‘அதைப் பார்த்து’ என்பதை ‘அதை நினைத்து’ என்று மாற்றும்போது ‘ப்’ போக வேண்டும். ‘வந்து’ என்பது ‘ஓடி’ ஆனால் அடுத்த சொல் வல்லினமாக இருக்கும்போது ஒற்று வந்து சேர வேண்டும்: ‘வந்து பார்த்தாள்’, ‘ஓடிப் பார்த்தாள்’.

ஆகவே ஒரு சொல்லை மாற்றியதும் அதற்கு முன்சொல்லின் கடைசி எழுத்தையும், அதன் பின்சொல்லின் முதல் எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். பிறகு வாக்கியத்தின் வினைச்சொல்லுக்குப் போங்கள். ‘கோடு’ என்பதைக் ‘கோடுகள்’ ஆக்கினால், இரண்டு வரி தள்ளி இருக்கும் ‘அதை’யும் ‘அவற்றை’ ஆக வேண்டும். புதுக்கவிதையில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நாலு வரி இருக்கலாம் என்பதால் இது எளிதில் தப்பிவிடும்.

வரி முறியும் இடத்தில் ஒற்று போடுவதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். படிக்கும்போது குரல் நிற்காமல் அடுத்த வரிக்குத் தாவினால் நான் போடுவேன். குரல் நின்று மூச்செடுத்தால் போட மாட்டேன். எப்படியானாலும் ஒரே கவிதைக்குள் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மரபுக்கவிதை என்றால்

இங்கே சிறு திருத்தம் என்பது பெரும்பாலும் சிறியதாக நிற்காது. அதே வெள்ளத்தைக் குறள் வெண்பாவாகவும் ஒரு தடவை எழுதினேன் (பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர்):

பொருநை பெருகிப் புகுந்தவென் வீட்டில்
ஒருகோடு நிற்கும் உயர்ந்து.

‘பெருகி’ பழசாக இருக்கிறது, ‘வெள்ளம்’ என்று நேராகச் சொல்லலாமே என்று ஒருவர் சொன்னார். சொல்லாகப் பார்த்தால் நல்ல யோசனை. ஆனால் ‘பொருநை’ புளிமா, நிரையும் நேரும் சேர்ந்த மாச்சீர். ஒற்றை விட்டு எண்ணினால் ஓர் எழுத்து நிற்கும் அசை நேர், குறிலில் தொடங்கி இரண்டு எழுத்து சேர்ந்த அசை நிரை. வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை வர வேண்டும். ‘வெள்ளம்’ நேரில் தொடங்குகிறது, தளை, அதாவது சீரோடு சீர் சேரும் கட்டு, தட்டிவிடும். ‘பொருநைநீர் வெள்ளம்’ என்று நீட்டினால் முதல் சீர் மூன்று அசை கொண்ட புளிமாங்காய் ஆகிவிடும், காய்க்குப் பின் நேர் வரலாம், தளை பொருந்தும். ஆனால் நீரும் வெள்ளமும் ஒன்றையே இரண்டு தடவை சொல்கின்றன. ஓசைக்காக அடைத்த சொல் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ‘பெருகி’யே இருந்துவிட்டது.

கடைசிச் சீரிலும் இப்படித்தான். ‘உயர்ந்து’ இருக்கும் இடத்தில் ‘இன்று’ போடலாமா? ‘இன்று’ காசு வாய்பாட்டில் அடங்கும், வெண்பாவின் ஈற்றில் வரத் தகுந்த சீர்தான். ஆனால் அதற்கு முன் ‘நிற்கும்’ தேமா. மாமுன் நிரை வேண்டும். ‘இன்று’ நேர். ‘பொருநை’யைத் ‘தாமிரபரணி’ ஆக்கலாம் என்றாலோ, தளையைவிட முதலில் எதுகை போகும். ‘பொருநை’, ‘ஒருகோடு’ இரண்டையும் கட்டிவைத்திருப்பது இரண்டாம் எழுத்தான அந்த ‘ரு’தான்.

வெண்பாவில் ஒரு சொல்லை மாற்ற நினைத்தால் முன் தளை, பின் தளை, எதுகை, மோனை என்று நான்கையும் தாளில் எழுதிச் சரிபாருங்கள். காதுக்குச் சரியாகப் படுகிறது என்று விடாதீர்கள். நம் கவிதை நம் காதுக்கு எப்போதும் சரியாகத்தான் படும்.

ஊர் பற்றிய தகவல்

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி, தை மாதத்துக் கார் அறுவடை என்று அழகான கவிதை ஒன்றைப் படித்தார். படித்து முடித்ததும் ஒரு பெரியவர் பதமாகச் சொன்னார்: “தம்பி, கார் ஆவணி புரட்டாசிலல்லா அறுப்பாவ. தைக்கு மேல அறுக்கது பிசானம்.” தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு பருவம். தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரில் ஆனியை ஒட்டித் தொடங்குவது கார், வடகிழக்கு மழையை நம்பி ஐப்பசியை ஒட்டித் தொடங்குவது பிசானம். தம்பி திருத்த ஒப்புக்கொண்டார், ஆனால் அவர் கவிதையில் ‘கார்’ என்ற சொல் மேகத்தையும் சேர்த்துக் குறித்தது. ‘பிசானம்’ போட்டால் அந்த இரட்டைப் பொருள் போய்விடும். கடைசியில் பருவத்தை விட்டுவிட்டு மாதத்தை மாற்றினார். ‘தை’ ‘ஆவணி’ ஆனது. இரண்டில் எதை மாற்றினால் கவிதைக்குச் சேதம் குறைவு என்று பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

இதைப்போலச் சரிபார்த்து எழுத வேண்டியவை இன்னும் உண்டு. நெல்லையப்பர் கோயில் தேர் ஓடுவது ஆனியில். ஆடி என்றால் சங்கரன்கோவில் தபசு. தாமிரபரணியின் அணைக்கட்டுகள் எட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் வந்தது, அதற்கு முந்தைய காலத்துக் கதையில் யாரும் அதில் நடக்க முடியாது. இப்படிப்பட்ட பிழைகளைக் கவிதைச் சுதந்திரம் என்று விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். ஊரை அறிந்தவர் ஒருவர் அந்த வரியில் தடுக்கி நின்றால், பிறகு வரும் நல்ல வரிகள் அவர் காதில் ஏறாது.

வாய்விட்டுப் படிப்பது

திருத்திய பிறகு மனசுக்குள் படிக்காமல் சத்தமாகப் படியுங்கள். ‘சுவற்றில்’ பிழைதான், ஆனால் அதன் ‘ற்றி’யில் குரல் ஒரு கணம் முட்டி நின்றது. கோட்டைப் பார்த்து நாமும் நிற்பதுபோல இருந்தது. ‘சுவரில் ஒரு கோடு’ என்று ஆக்கியதும் வரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பிழையை நீக்கியதில் ஒரு நிறுத்தம் போய்விட்டது. இரண்டு நாள் யோசித்து, வரியை மட்டும் முறித்தேன்:

தண்ணீர் வடிந்த மறுநாள்
சுவரில்
ஒரு கோடு.

போன நிறுத்தம் திரும்ப வந்தது. ஒரு பிழைத்திருத்தம் இன்னொரு சிறு மாற்றத்தைக் கேட்கும் என்பதை இந்த இடத்தில்தான் நன்றாக உணர்ந்தேன். ஆனால் அத்தோடு நிறுத்தினேன். ஒரே அமர்வில் மூன்று, நான்கு இடங்களை மாற்றினால், எந்த மாற்றத்தால் கவிதை கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கேட்டவர்களிடம் சொல்வது

பகிர்ந்த கவிதையை இரண்டாம் முறை தரும்போது என்ன மாறியது என்று சொல்லுங்கள். இது மரியாதை. முதல் வடிவத்தைப் படித்து நேரம் செலவழித்தவர்கள் அவர்கள். நான் அனுப்பியது இப்படி:

‘சென்ற வாரம் பகிர்ந்த கவிதையின் இரண்டாம் வரியில் “சுவற்றில்” என்பது “சுவரில்” என்று இருக்க வேண்டும். அந்த வரியை இரண்டாகப் பிரித்தும் இருக்கிறேன். திருத்திய வடிவம் கீழே. பிழையைச் சுட்டிய அக்காவுக்கு நன்றி.’

இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஏன் முதலில் தவறினேன், எந்த அவசரத்தில் எழுதினேன் என்பதெல்லாம் படிப்பவருக்குத் தேவையில்லை. பிழையைச் சொன்னவருக்கு நன்றி சொல்ல மட்டும் மறக்காதீர்கள். அதேபோல, ஒருவர் தன் கருத்தில் மேற்கோள் காட்டிய வரியைச் சொல்லாமல் மாற்றினால் அவர் சொன்னது பொருளற்றுப் போய்விடும். அந்த வரியைத் தொடும்முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், திருத்தியது என்ற குறிப்பும் கூடவே தெரியும். எழுத்துப் பிழைக்கு அது போதும். ஆனால் அதற்குள் யாராவது வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி மாறாது. ஓலைச்சுவடிக் காலத்தில் பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது, வந்ததும் இப்படித்தான், பிரதி பிரதியாகப் போன வழியில். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக் கவிராயர் வீடுகளுக்கு வந்தது, கிடைத்த பிரதிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைக் காணத்தான். அவருக்குக் கேட்க ஆசிரியர் உயிரோடு இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், தேதி போட்டுச் சொல்லிவிடலாம்.

பிறர் கவிதையில்

கை வைக்காதீர்கள். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) கவிதை ரசனையில் இந்த ஊர் கண்ட பெரிய மனிதர். அவர்கூடக் கம்பன் பாடல்களில் ஒட்டாததாகத் தோன்றிய சொற்களை மாற்றியும், பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கியும் பதிப்பித்தபோது அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். நண்பர் கவிதையில் பிழை கண்டால் தனியாக அவரிடம் சொல்லுங்கள். திருத்துவது அவர் கையால் நடக்கட்டும்.

திரும்பப் போவது

திருத்தத்தைத் திருத்துவதும் இந்த வேலையில் ஒரு படிதான். இன்னொரு கவிதை, வெள்ளத்துக்கு வெகுநாள் முந்தியது:

ஆச்சி பைய இறங்குவாள்
ஒவ்வொரு படியாக.
ஆறு அவளுக்காகக்
கொஞ்சம் ஏறி வரும்.

வட்டத்தில் படித்தேன், நன்றாகப் போனது. பிறகு ஒரு பத்திரிகைக்கு அனுப்பும்போது, ‘பைய’ மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்று ஒரு நண்பர் சொல்ல, ‘மெல்ல’ என்று மாற்றினேன். பொருள் ஒன்று, அசையும் ஒன்றுதான். இதைவிடச் சிறு திருத்தம் இருக்க முடியாது என்று நினைத்தேன். வட்டத்துக்கும் புது வடிவத்தை அனுப்பினேன். ‘பைய’ வெறும் வட்டாரச் சொல் இல்லை என்பதுகூட அன்று நினைவுக்கு வரவில்லை. திருக்குறளில் 1098ஆம் குறள் ‘பைய நகும்’ என்றுதான் முடிகிறது.

சில மாதம் கழித்து, எங்கள் வட்டத்தில் ஓர் அக்காவின் அம்மா தவறிப்போனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா அந்த நாலு வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். ‘ஆச்சி’ இருந்த இடத்தில் ‘அம்மா’. ‘பைய’ அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். வாயை வைத்துக்கொண்டு இருக்காமல், “அக்கா, அது இப்ப ‘மெல்ல’ன்னு மாத்தியாச்சு” என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “எங்கம்மா பையத்தான் தம்பி இறங்குவா.”

அன்றிரவு நோட்டைத் திறந்து, வலது பக்கத்தில் இருந்த ‘மெல்ல’வின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘பைய’ என்று எழுதித் தேதி போட்டேன். மறுநாள் காலையில் எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பினேன்: ‘முதல் வரியில் மீண்டும் “பைய”. அக்கா சொன்னதுதான் சரி.’